மாடியறையில் பாட்டு திக்காமல் கேட்க: கான்கிரீட் வீட்டு வைஃபைக்கு ஒரு வழிகாட்டி

வீட்டில் ஃபைபர் இணைப்பு இருக்கிறது, மாதக் கட்டணமும் தவறாமல் போகிறது. ஆனாலும் மாடியறையில் பாட்டுக் கேட்க உட்கார்ந்தால் பல்லவி முடிவதற்குள் சத்தம் நின்றுபோய், திரையில் ஒரு வட்டம் சுழலத் தொடங்குகிறது. மொரீசியசில் இந்தக் குறையைச் சொல்லாத குடும்பங்கள் குறைவு. பெரும்பாலோர் உடனே இணைய நிறுவனத்தை அழைத்து, இன்னும் வேகமான திட்டத்துக்கு மாறிவிடுகிறார்கள். என் கருத்தில், அதைக் கடைசியாகத்தான் யோசிக்க வேண்டும். பாட்டுக்குத் தேவையான வேகம் மிகக் குறைவு. தடை பெரும்பாலும் ரவுட்டருக்கும் நம் காதுக்கும் இடையில், வீட்டுக்குள்ளேயேதான் இருக்கிறது. அந்தத் தடை எங்கே என்று கண்டுபிடித்து நீக்கும் வழியை, இதில் முன்பழக்கம் இல்லாதவர்களும் பின்பற்றக்கூடிய வகையில் இங்கே சொல்கிறேன்.

பாட்டுக்கு எவ்வளவு வேகம் வேண்டும்?

ஸ்பாட்டிஃபை செயலியில் 'மிக உயர்ந்த தரம்' என்று தேர்ந்தெடுத்தால் ஒரு பாட்டு வினாடிக்கு ஏறத்தாழ 320 கிலோபிட் தரவைக் கேட்கும். ஆப்பிள் மியூசிக்கின் வழக்கமான தரத்துக்கு 256 கிலோபிட் போதும். உங்கள் இணைப்பு 20 எம்பிபிஎஸ், அதாவது வினாடிக்கு 20,000 கிலோபிட் என்றால், கணக்குப்படி 320 கிலோபிட் பாட்டுகள் அறுபதை ஒரே நேரத்தில் ஓடவிடலாம். இழப்பில்லாத் தரம் எனப்படும் லாஸ்லெஸ் ஒலி இதைவிட அதிகம் கேட்கும். குறுந்தட்டுத் தரத்தில் சுருக்காத ஒலி வினாடிக்கு 1,411 கிலோபிட் ஆகும். மிக உயர்ந்த 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் ஒலியைச் சுருக்காமல் அனுப்பினாலும் 9.2 மெகாபிட் அளவில்தான் நிற்கும். எனவே 20 எம்பிபிஎஸ் இணைப்பில் திக்கும் பாட்டு, 100 எம்பிபிஎஸ் இணைப்புக்கு மாறிய பின்னும் அதே அறையில் திக்கினால் வியப்பில்லை.

செயலி பாட்டை வாங்கும் விதத்தையும் தெரிந்துகொள்வது நல்லது. அடுத்த சில வினாடிகளுக்கோ, சில வேளைகளில் பாட்டு முழுமைக்குமோ வேண்டிய தரவைச் செயலி முன்கூட்டியே வாங்கிச் சேர்த்துவைக்கிறது. அந்தச் சேமிப்பையே பஃபர் என்கிறோம். நம் வீட்டுக் கூரையின்மேல் நிற்கும் தண்ணீர்த் தொட்டியைப் போன்றது அது: தெருக் குழாயில் நீர் விட்டுவிட்டு வந்தாலும், தொட்டியில் நீர் இருக்கும் வரை அடுப்படிக் குழாய் நிற்பதில்லை. இதிலிருந்து ஒரு பயனுள்ள முடிவுக்கு வரலாம். ஒரு வினாடி, இரண்டு வினாடி இணைப்பு அறுந்தால் பாட்டு நிற்காது. பாட்டு நிற்கிறதென்றால் இணைப்பு அதைவிட நெடுநேரம் அறுந்திருக்க வேண்டும், அல்லது சில நிமிடங்களாகவே சொட்டுச் சொட்டாக வந்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட குறையைத் தேடிப் பிடிப்பது கடினமன்று.

அறுபடும் இடத்தை முதலில் கண்டுபிடியுங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன் கீழ்வரும் சோதனைகளை இதே வரிசையில் செய்யுங்கள். ஒவ்வொன்றும் சில நிமிடங்களில் முடியும்.

முதலில் ஒலிபெருக்கியைச் சோதிக்க வேண்டும். புளூடூத் ஒலிபெருக்கியில் கேட்பவராக இருந்தால், ஒரு பாட்டைக் கைபேசியில் பதிவிறக்கிக்கொண்டு, கைபேசியை விமானப் பயன்முறையில் வைத்து, புளூடூத்தை மட்டும் மீண்டும் இயக்கி அந்தப் பாட்டை ஓடவிடுங்கள். இப்போது இணையமே இல்லை. இந்நிலையிலும் பாட்டு வெட்டி வெட்டி வந்தால் குறை புளூடூத்தில் இருக்கிறது, வைஃபையை நோண்டுவதில் பயனில்லை. கைபேசியைச் சட்டைப்பையில் வைத்து ஒலிபெருக்கிக்கு முதுகைக் காட்டி நின்றாலே சில சிறிய ஒலிபெருக்கிகள் தடுமாறும், ஏனெனில் நம் உடலிலுள்ள நீர் அந்த அலைகளை உறிஞ்சிக்கொள்கிறது. கைபேசியை மேசைமேல் வைத்தாலே சில வீடுகளில் சிக்கல் அங்கேயே முடிந்துவிடும்.

இங்கே பலரும் குழம்பும் ஓர் இடம் உண்டு. புளூடூத்தில் பாட்டைக் கைபேசி வாங்கி ஒலிபெருக்கிக்குக் கொடுக்கிறது. ஆனால் கூகுள் ஒலிபெருக்கிகள் போன்ற வைஃபை ஒலிபெருக்கிக்குக் கைபேசியிலிருந்து பாட்டை அனுப்பும்போது, பெரும்பாலும் கைபேசி கட்டளை மட்டுமே கொடுக்கிறது. பாட்டை ஒலிபெருக்கி தானே இணையத்திலிருந்து இழுத்துக்கொள்கிறது. ஆகவே கைபேசியில் சிக்னல் நிறைந்திருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம்; அலமாரி மூலையில் இருக்கும் ஒலிபெருக்கிக்கு எவ்வளவு சிக்னல் கிடைக்கிறது என்பதுதான் கேள்வி.

இரண்டாவதாக, கைபேசியை ரவுட்டருக்கு இரண்டு மீட்டர் அருகில் கொண்டுபோய் அதே பாட்டுப் பட்டியலைக் கால் மணி நேரம் கேளுங்கள். அங்கே ஒருமுறைகூட நிற்காமல், மாடியறையில் மட்டும் நிற்கிறதென்றால் வெளி இணைப்பில் குறையில்லை என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். ரவுட்டருக்கு அருகிலும் நிற்கிறதென்றால் ஒரு மடிக்கணினியைக் கேபிள் மூலம் ரவுட்டரில் செருகிக் கேட்டுப் பாருங்கள். கேபிளிலும் நின்றால் குறை வெளி இணைப்பிலோ, வீட்டில் வேறு யாரோ இணையத்தை அடைத்துக்கொண்டிருப்பதிலோ இருக்கிறது.

மூன்றாவது சோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனெனில் அது ஊகத்துக்கு இடம் வைப்பதில்லை. சிக்கல் உள்ள அறையில் மடிக்கணினியை வைத்து, விண்டோஸில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, பிங் என்ற சொல்லை ஆங்கில எழுத்துகளில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, சிறுகோட்டையும் அதை ஒட்டி 'டி' என்ற எழுத்தையும் இட்டு, மீண்டும் ஓர் இடைவெளி விட்டு, ரவுட்டரின் முகவரியைத் தட்டுங்கள். அந்த முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.100.1 என்று இருக்கும். ரவுட்டரின் அடியில் ஒட்டிய சீட்டிலோ, கைபேசியின் வைஃபை விவரங்களில் 'கேட்வே' என்ற இடத்திலோ பார்க்கலாம். வினாடிக்கு ஒரு வரி வீதம் திரையில் ஓடத் தொடங்கும். ஒவ்வொரு வரியின் நடுவிலும் மில்லிவினாடிக் கணக்கில் ஓர் எண் இருக்கும். நல்ல இணைப்பில் 2, 3, 3, 5, 2 என்று அது சிறியதாகவே நிற்கும். கெட்ட இணைப்பில் 4, 6, 180, 9, 640 என்று தாவும். நடுநடுவே, பதில் வரவில்லை என்ற பொருளில் எண்ணே இல்லாத ஒரு வரி வரும். அப்படித் தாவினால், ரவுட்டருக்கும் அந்த அறைக்கும் இடையிலுள்ள வைஃபையே குற்றவாளி. கன்ட்ரோல் விசையையும் 'சி' விசையையும் சேர்த்து அழுத்தினால் ஓட்டம் நிற்கும். அடுத்து, ரவுட்டர் முகவரிக்குப் பதிலாக 8.8.8.8 என்ற கூகுளின் முகவரியை இட்டுப் பாருங்கள். ரவுட்டர் வரை எண்கள் ஒழுங்காக இருந்து, இதில் மட்டும் தாவினால், வைஃபையை விட்டுவிட்டு வெளிப்பக்கம் பார்க்க வேண்டும்.

தளமும் படிக்கட்டும்

இந்தத் தீவில் வீட்டின் அமைப்பே வைஃபைக்கு எதிரி. 1960 பிப்ரவரியில் கரோல் புயலும், 1975 பிப்ரவரியில் ஜெர்வேஸ் புயலும் மரமும் தகரமுமாக இருந்த வீடுகளைப் பெருமளவில் அழித்த பிறகு, கான்கிரீட் கல் சுவரும் கம்பி கட்டி வார்த்த தட்டைத் தளமும் இங்கே வழக்கமாயின. புயலைத் தடுத்து நிறுத்தும் அந்தத் தளம் வைஃபை அலையையும் தடுத்து நிறுத்துகிறது. கான்கிரீட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் இரும்புக் கம்பி அதை இன்னும் மோசமாக்குகிறது. போதாக்குறைக்கு, கீழே பெற்றோர், மேலே ஒரு மகன், அதற்கும் மேலே இன்னொரு மகன் என்று மாடிமேல் மாடி கட்டிக்கொண்டு, கீழ்த்தளத்து ஒரே ரவுட்டரை மூன்று குடும்பமும் பகிர்ந்துகொள்வது ரோஸ் ஹில், குவாத்ர் போர்ன் போன்ற ஊர்களில் சாதாரணம்.

அலை மேலே ஏறுவதற்கு அந்தத் தளத்தில் உள்ள ஒரே பெரிய திறப்பு படிக்கட்டு. வீட்டுக்குள் படிக்கட்டு உள்ளவர்கள் ரவுட்டரை அதன் அடிக்குக் கொண்டுவந்தாலே மேல்மாடிக் கூடத்தில் வித்தியாசம் தெரியும். ஃபைபர் வந்து சேரும் சிறு பெட்டியும் ரவுட்டரும் தனித்தனியாக இருந்தால், இரண்டுக்கும் நடுவில் நீளமான நெட்வொர்க் கேபிளைப் போட்டு ரவுட்டரை மட்டும் நகர்த்தலாம். இரண்டும் ஒரே பெட்டியாக இருந்தால் மெல்லிய ஃபைபர் கம்பியையே நீட்ட வேண்டியிருக்கும். அதை நீங்களே செய்யாமல் நிறுவனத்தின் தொழில்நுட்பரை அழையுங்கள். ஃபைபருக்குள் இருப்பது கண்ணாடி இழை. மூலையில் கூர்மையாக மடித்தால் ஒளி கசிந்து போகும், முறிந்தும் விடும்.

ரவுட்டரைத் தரையில் வைக்காமல் மார்பளவுக்கு மேல் வையுங்கள். தொலைக்காட்சிக்குப் பின்னால், இரும்பு அலமாரிக்குள், குளிர்சாதனப் பெட்டிக்கு மேல், மீன்தொட்டிக்கும் பெரிய நிலைக்கண்ணாடிக்கும் பக்கத்தில் வைக்க வேண்டாம். அழகுக்காக ரவுட்டரை மர அலமாரிக்குள் ஒளித்துவைத்துவிட்டு அதன் கதவையும் சாத்துவோர் உண்டு. சூடு ஏறி ரவுட்டர் தானாகவே மறுதொடக்கம் ஆவதற்கு அதுவும் ஒரு காரணம். வெளியே தெரியும் ஆன்டெனாக்கள் இருந்தால், செங்குத்தாக நிற்கும் ஆன்டெனா பக்கவாட்டில்தான் அதிகமாக அலை வீசும், தலைக்கு நேர் மேலே குறைவாகவே வீசும் என்பதை நினைவில் கொண்டு, மாடிக்காக ஒன்றைக் கிடையாகச் சாய்த்து வைத்துப் பாருங்கள்.

மாற்றம் பலித்ததா என்பதைக் கைபேசியின் நான்கு கோடுகளைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஆண்ட்ராய்டு கைபேசிக்கு வைஃபை அளக்கும் இலவசச் செயலிகள் உண்டு. அவை சிக்னலை டிபிஎம் என்ற அலகில், கழித்தல் குறியோடு காட்டும். −50 என்றால் மிக நன்று. −67 வரை பாட்டுக்குக் கவலையில்லை. −70க்குக் கீழே போனால் தடுமாற்றம் தொடங்கும், −80 அளவில் இணைப்பு இருந்தும் இல்லாதது போல்தான். பாட்டுக் கேட்கும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அளந்து, கதவைச் சாத்தியும் ஒருமுறை அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு அலைவரிசைகளில் எது?

இன்றைய ரவுட்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகளில் ஒரே நேரத்தில் ஒலிபரப்புகின்றன. 5 வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டினால் சீக்கிரம் சோர்ந்துவிடும். 2.4 மெதுவானது, ஆனால் தளத்தைத் தாண்டியும் கொஞ்சம் உயிரோடு வரும். பாட்டுக்கு வேகம் தேவையில்லை என்று முன்பே பார்த்தோம். ஆகவே ரவுட்டர் இருக்கும் அதே தளத்தில் 5, தளத்துக்கு மேலே 2.4 என்று வைத்துக்கொள்வது நல்ல தொடக்கம். இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால் கைபேசி தன் விருப்பப்படி தாவிக்கொண்டிருக்கும், அந்தத் தாவலிலும் பாட்டு நிற்கலாம். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் (உலாவியில் ரவுட்டரின் முகவரியைத் தட்டினால் திறப்பது) போய் இரண்டுக்கும் வெவ்வேறு பெயர் கொடுத்து, மாடியறைச் சாதனங்களை 2.4க்கு மட்டும் இணைத்துச் சில நாள் பாருங்கள். விலை குறைந்த வைஃபை ஒலிபெருக்கிகள் சிலவற்றுக்கு 2.4 மட்டுமே தெரியும் என்பதால் அவற்றை முதன்முறை இணைக்கும்போதும் இந்தப் பிரிவினை உதவும்.

2.4இன் பெருங்குறை நெரிசல். வீடுகள் தோளோடு தோள் உரசி நிற்கும் தெருக்களில் பக்கத்து வீட்டு ரவுட்டர்கள் எல்லாம் அதே குறுகிய இடத்தில் பேசுகின்றன. இந்த அலைவரிசையின் உட்பிரிவுகளான சேனல்களில் ஒன்றன்மேல் ஒன்று விழாதவை 1, 6, 11 ஆகிய மூன்று மட்டுமே. மேலே சொன்ன அளக்கும் செயலியில் எது காலியாக இருக்கிறது என்று மாலை நேரத்தில் பார்த்து, ரவுட்டரில் 'தானியங்கி' என்றிருப்பதை அந்த எண்ணுக்கு மாற்றுங்கள்; சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் என்று வையுங்கள். 3 அல்லது 9 போன்ற இடைப்பட்ட எண்ணைத் தேர்ந்தெடுத்தால் இருபக்கத்துத் தொல்லையும் சேர்ந்து வரும். மைக்ரோவேவ் அடுப்பும் இதே 2.4 பகுதியில்தான் இயங்குகிறது. சாப்பாட்டு நேரத்தில் மட்டும் பாட்டு நிற்கும் வீட்டில் வேறெங்கும் தேட வேண்டாம்.

5இல் வேறொரு நுட்பம் இருக்கிறது. 52 முதல் 144 வரையான சேனல்களை ரேடார்களும் பயன்படுத்துகின்றன. ரேடார் அலையை உணர்ந்தால், அல்லது உணர்ந்ததாக நினைத்தால், ரவுட்டர் அந்தச் சேனலை உடனே விட்டு விலக வேண்டும் என்பது விதி. அந்த வகையைச் சேர்ந்த இன்னொரு சேனலுக்குப் போனால் குறைந்தது ஒரு நிமிடம் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்த பிறகே அது ஒலிபரப்பத் தொடங்கும். காரணமே தெரியாமல் எப்போதாவது ஒரு நிமிடம் முழு வீட்டிலும் 5 மறைந்து திரும்பி வருகிறதென்றால் இதைச் சந்தேகியுங்கள். 36 முதல் 48 வரையான சேனல்களில் ஒன்றை நிலையாகத் தேர்ந்தெடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

மாடிக்கு ஒரு கேபிள்

இவ்வளவும் செய்தும் மாடியில் −75 என்றே காட்டினால், அலையைத் தளத்தோடு மோதவிடுவதை நிறுத்திவிட்டு, ஒரு கேபிளை மேலே கொண்டுபோய் அங்கே இரண்டாவது வைஃபை மையத்தை வைப்பதுதான் நிலையான தீர்வு. கடைக்காரர் பெரும்பாலும் முதலில் எடுத்துக் காட்டுவது சுவரில் செருகும் ரிப்பீட்டரைத்தான். விலை குறைவு என்பதைத் தவிர அதற்கு நான் ஆதரவு சொல்ல மாட்டேன். தனக்கு எட்டிய பலவீனமான சிக்னலையே அது மறுபடி ஒலிபரப்புகிறது. ஒரே அலைவரிசையில் வாங்கியும் கொடுத்தும் ஆக வேண்டியிருப்பதால் வேகமும் ஏறக்குறைய பாதியாகிவிடும். வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால், சிக்னல் இல்லாத அறையில் வைக்காமல், சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் படிக்கட்டின் நடுத்திருப்பத்தில் வையுங்கள். மெஷ் எனப்படும், இரண்டு மூன்றாகச் சேர்ந்து ஒரே வைஃபையாக இயங்கும் பெட்டிகள் இதைவிட மேல். ஆனால் அவற்றுக்கும் நடுவில் கேபிள் போட்டால்தான் கான்கிரீட் வீட்டில் முழுப் பயன் கிடைக்கும்.

கேபிளுக்கு கேட் 5இ அல்லது கேட் 6 வகை போதும். 100 மீட்டர் வரை தாராளமாகப் போகும். சன்னல் சட்டத்தின் ஓரமாக வெளியே எடுத்து வெளிச்சுவரோடு மேலே ஏற்றுவது எளிய வழி. வெளியே போகும் கேபிள் வெயிலைத் தாங்கும் வெளிப்புற வகையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நம் வெயிலில் அதன் தோல் வெடித்துவிடும். வீட்டுக்குள் நுழையும் இடத்துக்குச் சற்று முன் கேபிளைக் கீழ்நோக்கி வளைத்துத் தொங்கவிட்டால் மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். நவம்பரில் புயல் பருவம் தொடங்குவதற்குள் சுவரில் நெருக்கமாகக் கிளிப் அடித்துவிடுங்கள். சுவருக்குள் ஏற்கெனவே மின்கம்பி போகும் குழாய்க்குள் இதையும் சேர்த்து நுழைக்க வேண்டாம், அது ஆபத்து.

மேலே வைக்க, பெட்டியில் கிடக்கும் பழைய ரவுட்டரே உதவும். அதில் 'அணுகல் புள்ளி' அல்லது 'ஆக்சஸ் பாயின்ட்' என்ற பயன்முறை இருந்தால் அதைத் தேர்ந்தெடுப்பதோடு வேலை முடிந்தது. இல்லாவிட்டால் கையால் செய்ய வேண்டியதை வரிசைப்படிச் சொல்கிறேன். பழைய ரவுட்டரை வீட்டு இணைப்பில் செருகாமல், மடிக்கணினியோடு மட்டும் இணைத்து அதன் அமைப்புப் பக்கத்தைத் திறங்கள். அதன் சொந்த முகவரியை, கீழே உள்ள ரவுட்டர் 192.168.1.1 என்றால் 192.168.1.2 என்றும், 192.168.100.1 என்றால் 192.168.100.2 என்றும் மாற்றிச் சேமியுங்கள். கீழ் ரவுட்டர் சாதனங்களுக்கு வழங்கும் முகவரி வரிசை அந்த எண்ணை உள்ளடக்கியிருந்தால், வரிசை சற்றுத் தள்ளித் தொடங்கும்படி அங்கே மாற்றிவிடுங்கள். பிறகு பழைய ரவுட்டரில், சாதனங்களுக்கு முகவரி வழங்கும் டிஎச்சிபி என்பதை அணைத்துவிடுங்கள். வீட்டில் முகவரி வழங்கும் வேலையை ஒருவர்தான் செய்ய வேண்டும். இருவர் செய்தால் ஒரே குழப்பம். அடுத்து வைஃபைப் பெயர், கடவுச்சொல், பாதுகாப்பு வகை மூன்றையும் கீழே உள்ளதைப் போலவே கொடுத்து, சேனலை மட்டும் வேறாக்குங்கள். கீழே 1 என்றால் மேலே 11.

கடைசியாகக் கேபிளைச் செருகும்போது கவனம் தேவை. கீழ் ரவுட்டரில் வீட்டுச் சாதனங்களுக்கான லேன் துளையிலிருந்து வரும் கேபிளை மேல் ரவுட்டரின் லேன் துளையிலேயே செருகுங்கள். வெளி இணைப்புக்காக வேறு நிறத்தில் தனியாக இருக்கும் வேன் துளையைக் காலியாக விடுங்கள். வேன் துளையில் செருகினாலும் இணையம் வரும் என்பதால் பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஆனால் அப்போது மாடி ஒரு தனி வலையமைப்பாகப் பிரிந்துவிடுகிறது, கீழே இருக்கும் கைபேசிக்கு மேலே இருக்கும் வைஃபை ஒலிபெருக்கி கண்ணிலேயே படாது. விருந்தினர் வைஃபையில் கைபேசியை இணைத்துவிட்டு ஒலிபெருக்கியைத் தேடினாலும் இதே கதிதான்.

இதன் பிறகும் சில கைபேசிகள் மாடிக்கு ஏறிய பின்னும் கீழ் ரவுட்டரையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும். வைஃபையை ஒருமுறை அணைத்துப் போட்டால் அருகிலுள்ளதைப் பிடிக்கும். தொடர்ந்து இப்படி நடந்தால் கீழ் ரவுட்டரின் ஒலிபரப்பு வலிமையை ஒரு படி குறைத்துவிடுங்கள்.

வாடகை வீட்டில் கேபிள் போட வழியில்லாதவர்களுக்கு, மின்கம்பி வழியே தரவை அனுப்பும் பவர்லைன் சாதனம் இருக்கிறது. இரண்டு முனைகளையும் எக்ஸ்டென்ஷன் பலகையில் செருகாமல் சுவர்ப் பிளக்கிலேயே நேராகச் செருக வேண்டும். மாடிக்குத் தனி மீட்டர் வாங்கிய வீடுகளில் இது வேலை செய்யும் என்று நம்பி வாங்காதீர்கள். திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கடையில் கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.

வீட்டில் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள்?

கல்யாணம் முடிந்த இரவு வீட்டுக்கு வந்ததும் எல்லாருடைய கைபேசியும் நூற்றுக்கணக்கான படங்களையும் காணொளிகளையும் ஒரே நேரத்தில் மேகச் சேமிப்புக்கு ஏற்றத் தொடங்கும். பல திட்டங்களில் ஏற்றும் வேகம் இறக்கும் வேகத்தைவிடக் குறைவு. ஏற்றும் பாதை அடைபட்டால் இறக்கமும் தடுமாறும், ஏனெனில் பாட்டின் ஒவ்வொரு துண்டும் வந்து சேர்ந்ததற்கான ரசீது அதே ஏற்றும் பாதையில்தான் திரும்பிப் போக வேண்டும். 8.8.8.8க்கான பிங் எண் 40, 50 என்று இருந்தது திடீரென்று 400, 500 என்று ஏறி அங்கேயே நின்றால் இதுதான் நடக்கிறது. படங்களை நள்ளிரவுக்குப் பின் ஏற்றும்படி அமைப்பது ஒரு வழி. ரவுட்டரில் க்யூஓஎஸ் என்ற முன்னுரிமை அமைப்பு இருந்தால், மொத்த ஏற்றும் வேகத்தை உண்மையான அளவில் ஒன்பதில் எட்டுப் பங்கு அளவுக்குக் கட்டுப்படுத்தினாலே வரிசை தேங்காமல் ஓடும். விளையாட்டுக் கருவிகளின் புதுப்பிப்புகளும் இதே வகைத் தொல்லை.

கைபேசியும் வானொலியும்

திரை அணைந்த சில நிமிடங்களில் பாட்டு நின்று, திரையைத் தொட்டதும் மீண்டும் பாடினால் அது பஃபர் சிக்கல் அன்று. மின்கலச் சேமிப்பு அமைப்பு செயலியைத் தூங்கவைக்கிறது. அமைப்புகளில் அந்தச் செயலிக்கு மட்டும் கட்டுப்பாட்டை நீக்குங்கள். இணையத் தரவை வேறொரு சர்வர் வழியே திருப்பிவிடும் விபிஎன் ஓடினால் அணைத்துப் பாருங்கள். கைபேசியில் இடம் நிரம்பிவிட்டால் பாட்டைச் சேர்த்துவைக்கச் செயலிக்கு இடம் கிடைக்காது; கொஞ்சம் காலி செய்யுங்கள். தைப்பூசக் காவடிக்கு முந்திய விரத நாள்களில் காலையும் மாலையும் அதே முருகன் பாடல்கள் ஒலிக்கும் வீட்டில், அவற்றை ஒருமுறை பதிவிறக்கி வைத்துக்கொள்வதே அறிவு. அதற்கு எந்தச் சரிசெய்தலும் தேவையில்லை.

இணைய வானொலிக்கு இந்தச் சலுகை கிடையாது. நேரலை என்பதால் இன்னும் பேசப்படாததை முன்கூட்டியே வாங்கி வைக்க முடியாது. சேமிப்பு சில வினாடிகளே இருக்கும், சிறு தடங்கலும் காதில் விழும். சென்னையில் இருக்கும் சர்வரிலிருந்து வரும் ஒலி கடலைக் கடந்துதான் வர வேண்டும். 2002இல் செயல்படத் தொடங்கிய சேஃப் என்ற கடலடிக் கேபிள் தென்னாப்பிரிக்காவிலிருந்து ரீயூனியன், நம் பே ஜாக்கோத் வழியாகக் கொச்சிக்கும் பினாங்குக்கும் போகிறது; லயன், மெட்டிஸ் போன்ற வேறு கேபிள்களும் தீவுக்கு வந்து சேர்கின்றன. கேபிள் பழுதானாலும், இந்தியாவில் அந்த நிலையத்தின் சர்வரே திணறினாலும், நம் வீட்டு ரவுட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை. உள்ளூர் வானொலியின் இணைய ஒலிபரப்பு ஒழுங்காக வந்து, தமிழ்நாட்டு நிலையம் மட்டும் நின்றால் இப்படித்தான் என்று எடுத்துக்கொண்டு, அந்த நிலையத்தின் குறைந்த பிட் வீத ஒலிபரப்பு இருந்தால் அதற்கு மாறுங்கள்.

நிறுவனத்தை அழைக்கும்போது

கேபிளில் இணைத்த கணினியிலும் பாட்டு நின்று, வீட்டில் வேறு யாரும் இணையத்தைப் பயன்படுத்தாத நேரத்திலும் 8.8.8.8க்கான பிங் தாவினால், அப்போதுதான் நிறுவனத்தை அழைக்க வேண்டும். 'இணையம் மெதுவாக இருக்கிறது' என்று மட்டும் சொன்னால், ரவுட்டரை அணைத்துப் போடுங்கள் என்ற பதிலோடு அழைப்பு முடிந்துவிடும். கேபிள் மூலம் சோதித்ததை முதலில் சொல்லுங்கள். எந்தத் தேதியில், எந்த நேரத்தில், எத்தனை பிங்குகளுக்குப் பதில் வரவில்லை என்பதைத் திரைப்பிடிப்பாக (ஸ்கிரீன்ஷாட்) எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஃபைபர் பெட்டியில் 'லாஸ்' என்ற விளக்கு சிவப்பாக எரிந்தாலோ மின்னினாலோ அதையும் சொல்லுங்கள். ஒளி வீட்டுக்கே சரியாக வந்து சேரவில்லை என்பது அதன் பொருள். தொழில்நுட்பர் வீட்டுக்கு வந்தால், பெட்டிக்கு வந்து சேரும் ஒளியின் அளவை அளந்து காட்டச் சொல்லுங்கள். வீட்டு ஃபைபர் இணைப்புகளில் அது வழக்கமாக −8 டிபிஎம்முக்கும் −27 டிபிஎம்முக்கும் இடையில் இருக்க வேண்டும். −28, −29 என்று காட்டினால் இணைப்பு முனையைத் துடைக்கவோ கம்பியை மாற்றவோ வேண்டியது அவர்கள் பொறுப்பு. வேலை முடிந்ததும் புதிய அளவையும் கேட்டு, தேதியோடு ரவுட்டரின் அடியில் ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிட்டால், அடுத்த முறை வருபவர் எங்கிருந்து தொடங்குவது என்று தேட வேண்டியிருக்காது.